கண்ணில் புரை விழுந்த அம்மாவை மதுரை அரவிந்துக்கு அழைத்துப் போவது எப்படி

சோற்றில் கல் கடிபட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் அம்மா அரிசி புடைத்தால் கல் என்ன, கறுப்பு நெல்கூடத் தப்பாது. அன்றைக்கு ஒரே கவளத்தில் இரண்டு கல். "ஏம்மா, கண்ணு சரியாத் தெரியலையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நல்லாத்தான் தெரியுது. கடைக்காரன் போட்ட அரிசி அப்படி" என்றாள்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் இன்னொன்று நடந்திருந்தது. பத்து வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் ஒரு வரி படிக்காதவள், திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படித்தாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையில் அது புரையின் வேலை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்படும்போது கொஞ்ச நாளைக்குக் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்கத் தொடங்கினால், கையோடு கண்ணைக் காட்டிவிடுங்கள். பேருந்து போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பது, எதிரே வரும் வண்டியின் விளக்கு பூப்பூவாகச் சிதறுகிறது என்பது, நிலா இரண்டாகத் தெரிகிறது என்பது, வெயிலில் கூசுகிறது என்று வாசலுக்கே வராமல் இருப்பது, இவையும் அதே கதைதான்.

எங்கள் ஊர் எட்டயபுரம் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் புரை எடுத்திருக்கிறார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அப்பத்தா, அப்புறம் என் மாமனார், 2022-ல் அம்மா. கடைசி இரண்டு தடவையும் கூடப் போனது நான்தான். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "புரை முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அது அப்பத்தா காலத்துப் பேச்சு. அப்போது புரை எடுத்தால் உள்ளே லென்ஸ் வைக்க மாட்டார்கள். லென்ஸை முழுசாக எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுப்பார்கள். அந்தக் கண்ணாடியில் எல்லாம் பெரிதாகவும் வளைந்தும் தெரியும். அப்பத்தா வாசப்படி இறங்கும்போது காலால் தடவித் தடவித்தான் இறங்குவாள். அதனால் பார்வை அறவே போகிற வரைக்கும் காத்திருந்ததில் ஓர் அர்த்தம் இருந்தது. இன்றைக்கு எடுத்த இடத்திலேயே புது லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வந்துவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான். முற்றவிட்டால் புரை கல்லாக இறுகிப் போகும், எடுப்பது சிரமமாகும். சிலருக்குக் கண்ணில் பிரஷர் ஏறி, இருக்கிற பார்வை நரம்பும் கெட்டுப்போகும்.

யார் கட்டிய ஆஸ்பத்திரி

போகும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பெரியவர்களுக்குப் பயம் குறையும். அம்மாவைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போகும்போது நான் சொன்னது இதைத்தான்.

இதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி எங்கள் பக்கத்துக்காரர். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்த தலைமுறை. சென்னை ஸ்டான்லியில் 1944-ல் டாக்டர் படிப்பு முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆனால் முடக்குவாதம் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணிப்போய்ப் பேனா பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. பிரசவம் பார்க்க முடியாது என்றானதும் கண் மருத்துவம் படித்தார். அந்தக் கோணல் விரல்களைப் பழக்கித்தான் கத்தி பிடித்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைத் தன் கையால் செய்திருக்கிறார். இதைச் சொன்னதும் அம்மா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் மூட்டுவலி.

மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், 58 வயதில் ஓய்வு பெற்றதும் 1976-ல் அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு இதைத் தொடங்கினார். அதில் 6 படுக்கை காசு கொடுக்க முடியாதவர்களுக்கு. தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே சேர்ந்து உழைத்தது. நகைகள் அடகுக்குப் போயின. பாண்டிச்சேரி அரவிந்தர் மேல் இருந்த பக்தியால் அவர் பெயரையே வைத்தார்கள். தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், பாண்டிச்சேரி, சென்னை என்று கிளைகள் வந்தது பின்னால். டாக்டர் வெங்கடசாமி 2006-ல் காலமானார்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது 1992. அந்த வருஷம்தான் மதுரையிலேயே ஆரோலேப் என்று தனியாகத் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். அதுவரை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆயிரக்கணக்கில் விலை. ஏழைக்கு எட்டாது. இங்கேயே செய்யத் தொடங்கியபோது விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகியது. இலவசமாக வருகிறவருக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது. அப்பத்தாவுக்குக் கிடைக்காதது அம்மாவுக்குக் கிடைத்தது இதனால்தான்.

இலவசமா, கட்டணமா

இங்கே கட்டணப் பிரிவும் உண்டு, இலவசப் பிரிவும் உண்டு. தனித்தனிக் கட்டடம். எதற்குப் போவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். வருமானச் சான்று கொண்டு வா என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர்கள் முறை வைத்து இரண்டு பக்கமும் வேலை பார்க்கிறார்கள். வித்தியாசம் இருப்பது அறையிலும் படுக்கையிலும் லென்ஸ் வகையிலும்தான். கட்டணம் கட்டுகிறவர்களின் பணத்தில்தான் இலவசப் பக்கமும் நடக்கிறது. முடிந்தவர்கள் கட்டணப் பக்கம் போவதே மரியாதை என்று நான் நினைக்கிறேன். முடியாதவர்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை. அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியதே அவர்களுக்காகத்தான்.

கையில் பஸ் காசுகூட இல்லை, கூட வர ஆளும் இல்லை என்றால் முகாம்தான் வழி. லயன்ஸ் சங்கம், பள்ளிக்கூடம், கோயில் கமிட்டி என்று யாராவது முன்னின்று நடத்துவார்கள். ஊருக்குள் நோட்டீஸ் ஒட்டுவார்கள், ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். முகாமில் கண்ணைப் பார்த்து, புரை என்றால் அவர்களே பஸ்ஸில் ஏற்றிப் போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அப்பத்தா அப்படிப் போனவள்தான். மாற்றுச் சேலை ஒன்றை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து இன்னும் நாலைந்து கிழவிகளோடு திருவிழாவுக்குப் போகிற மாதிரிப் போனாள்.

சில ஊர்களில் அரவிந்தின் சின்னக் கண் மையங்கள் இருக்கின்றன. 2004-லிருந்து திறந்து வருகிறார்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பார்த்து, கம்ப்யூட்டர் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டிப் பேசவைப்பார்கள். உங்கள் பக்கம் ஒன்று இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வெறும் கண்ணாடி மாற்றத்துக்காக மதுரை வரைக்கும் அலைய வேண்டியிருக்காது. உண்மையில் எங்கள் ஊருக்கு மதுரையைவிடத் திருநெல்வேலிக் கிளை பக்கம். தம்பி வீடு மதுரையில் இருப்பதால்தான் நாங்கள் மதுரைக்குப் போனோம். ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கும். அதனால் எது பக்கமோ, எங்கே தங்க ஆள் இருக்கிறதோ அங்கே போங்கள்.

முதல் நாள்

முதல் நாள் பரிசோதனைக்கு மட்டும்தான். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். நாங்கள் தம்பி வீட்டிலிருந்து ஆறரைக்கே கிளம்பினோம். தூத்துக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து நேரே வருகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்கினால் ஆட்டோவில் போய்விடலாம். அரைநாளாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டே போங்கள். சுகர் இருப்பவர்கள் இரண்டு பிஸ்கட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

பதிவு செய்ததும் ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணில்தான் உங்கள் ரெக்கார்டு முழுக்க இருக்கும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், செல்போனிலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது, கண் பிரஷர், ரத்த அழுத்தம், சுகர், கண்ணீர் போகும் பாதை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது என்று ஒவ்வொரு இடமாக அனுப்புவார்கள். இதில் பாதி வேலையைச் செய்வது இளம்பெண்கள். பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து இங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தவர்கள். அம்மாவிடம் அவர்கள் பேசிய விதத்தில் பாதிப் பயம் போய்விட்டது. "பாட்டி, நெத்தியை இங்க ஒட்டி வைங்க, பச்சை லைட்டைப் பாருங்க" என்று ஒரு பெண் தாடையைப் பிடித்துச் சரிசெய்தாள். சொந்தப் பேத்தி செய்த மாதிரி இருந்தது.

கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். எரியும். அதன் பிறகு சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெளிச்சம் கூசும். அதனால் கண் காட்டப் போகிறவர் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. கூட ஓர் ஆள் கட்டாயம்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மாமாவிடம் டாக்டர், "ஒன்னுக்குப் போறதுக்கு மாத்திரை ஏதும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். மாமா இல்லை என்று தலையாட்டினார். மருமகள் பக்கத்தில் நிற்கும்போது அவரால் எப்படிச் சொல்ல முடியும்? என் பையில் இருந்த அட்டையைப் பார்த்துத்தான் டாக்டருக்குத் தெரிந்தது. டாம்சுலோசின் என்ற அந்த மாத்திரை, வயதான ஆண்கள் பலர் சாப்பிடுவது. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபரேஷன் நேரத்தில் கண் பாப்பாவைச் சுற்றி இருக்கும் திரை தொளதொளத்துப் போகும், பாப்பா சுருங்கிக்கொள்ளும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்துகொள்வார். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையும் இப்படித்தான், சொல்லியாக வேண்டும். அதே சமயம் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் மாமாவிடமே பார்த்தோம். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டு நாளாகச் சுகர் மாத்திரையை விட்டுவிட்டார். அன்றைக்குக் காலையில் சுகர் 310. தேதி தள்ளிப்போய்விட்டது. சாப்பிடலாமா கூடாதா, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது மட்டும்தான் கணக்கு, பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வது கணக்கில்லை.

லென்ஸ் எது

பரிசோதனை முடிந்ததும் அதே பெண்ணிடம் உட்காரவைத்து லென்ஸ் வகைகளையும் விலைகளையும் சொல்வார்கள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். விலை கூடினால் பார்வையும் கூடும் என்று நினைத்துக்கொள்கிறோம். சாதாரண லென்ஸ் தூரப் பார்வையை நன்றாகத் தரும், படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கும். மடிக்கும் லென்ஸ் என்றால் வெட்டு சின்னதாக இருக்கும், சீக்கிரம் ஆறும். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரு வகை இருக்கிறது, அதில் சிலருக்கு ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். விழித்திரையில் கோளாறு இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. கண்ணின் வளைவு சீராக இல்லாதவர்களுக்கென்று டோரிக் என்று ஒன்று. உங்கள் பெரியவர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்குக் கோழியைப் பார்க்க வேண்டும், தெருவில் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அரிசி பார்க்க வேண்டும். அரிசிக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன் என்றாள். மடிக்கும் வகையில் சாதாரண லென்ஸே வைத்தோம்.

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு வேறோர் இடத்தில் அரைமணி நேரத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தி, விலை கூடிய லென்ஸைத் தலையில் கட்டிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், புரை ஒரே நாளில் கெடுத்துவிடும் வியாதி இல்லை. வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போகலாம். காப்பீடு வைத்திருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் புரைக்கு 2 வருஷம் காத்திருக்க வேண்டும், இவ்வளவுதான் தருவோம் என்று உச்சவரம்பும் இருக்கும்.

ஆபரேஷன் அன்று

முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். அப்புறம் கொஞ்ச நாளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்ற முடியாது. மை, பொட்டு, பூ, நகை எதுவும் வேண்டாம் என்றார்கள். அம்மாவின் மூக்குத்தி கல்யாணத்தன்று போட்டது. திருகாணி துருவேறிக் கழலவே இல்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தோம், நூல் கட்டிப் பார்த்தோம். கடைசியில் ராத்திரி எட்டு மணிக்கு ஆசாரியைத் தேடிப்போய்க் கழற்றினோம். மூக்கு சிவந்து வீங்கிவிட்டது. பழைய மூக்குத்தி போட்டிருப்பவர்கள் வீட்டில் ஒரு வாரம் முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

மயக்கம் கொடுப்பதில்லை. கண் மட்டும் மரத்துப்போக ஊசியோ சொட்டு மருந்தோ போடுவார்கள். அம்மா உள்ளே போய்த் திரும்ப நேரம் கொஞ்சம்தான் ஆனது. "பத்து நிமிசத்துல முடிச்சுட்டாங்களே, சரியாத்தான் பண்ணினாங்களா?" என்று அவளுக்கே சந்தேகம். காரணம் இதுதான். ஆபரேஷன் அறையில் பக்கத்தில் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு டாக்டர் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்தவரை நர்சுகள் தயார்படுத்திவிடுவார்கள். முடித்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி, மைக்ராஸ்கோப்பையும் நகர்த்திக்கொள்வார். டாக்டரின் கை சும்மா இருப்பதே இல்லை. டாக்டர் வெங்கடசாமி அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடை நடக்கும் ஒழுங்கைப் பார்த்து, கண் வைத்தியத்தையும் எல்லோருக்கும் ஒரே தரத்தில் இப்படிக் கொடுக்க முடியாதா என்று யோசித்தவர். உள்ளே இருக்கும்போது தும்மல், இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். தலையை மட்டும் ஆட்டக்கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அம்மா முதலில் பார்த்தது என் முகத்தை. "ஏட்டி, இவ்வளவு நரைச்சுருச்சா உனக்கு" என்றாள்.

பாதி வைத்தியம் இனிமேல்தான், அது உங்கள் கையில். சொட்டு மருந்தை முதலில் அடிக்கடியும், வாரம் ஆக ஆகக் குறைத்தும் விடச் சொல்லி அட்டவணை தருவார்கள். எங்களுக்கு இரண்டு குப்பி, இரண்டும் வெள்ளை. அம்மாவுக்கு அடையாளம் தெரியாது என்று ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் பச்சை நூல் கட்டினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அவரைப் படுக்கவையுங்கள். கீழ் இமையை விரலால் லேசாக இழுத்தால் சின்னப் பை மாதிரி வரும், அதில் ஒரே சொட்டு. குப்பியின் மூக்கு கண்ணிலோ இமை மயிரிலோ படக்கூடாது. கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருக்கட்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் முதலில் விட்டது வழிந்து போய்விடும். அட்டவணையைச் சுவரில் ஒட்டி, விட விடப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

கண்ணைத் தேய்க்கக்கூடாது. தூக்கத்தில் கை தானாகப் போகும், அதனால் இரவில் கண்ணுக்கு மேல் மூடியைப் போட்டு ஒட்டிவிடுங்கள். தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், விறகடுப்புப் பக்கம் வேண்டாம். அம்மாவை அடுப்படியிலிருந்து நிறுத்தி வைத்ததுதான் எனக்கு இருந்த பெரிய வேலை.

வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பூளை தள்ளினாலோ, தெரிந்த பார்வை மறுபடி மங்கினாலோ, மின்னல் அடிப்பது போலவோ திரை விழுவது போலவோ இருந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். விடியட்டும், திங்கள்கிழமை ஆகட்டும் என்று இருக்காதீர்கள். சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்கும் போய்விடுங்கள். படிக்கும் கண்ணாடியை ஒரு மாதம் போல ஆன பிறகு, கண் நிலைப்பட்டதும்தான் எழுதித் தருவார்கள். சில வருஷம் கழித்து மறுபடி மங்கினால் "புரை திரும்ப வளர்ந்துருச்சு" என்பார்கள். புரை திரும்ப வராது. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் சவ்வு மங்குவதுதான் அது. சில நிமிஷத்து லேசரில் சரியாகிவிடும். மாமாவுக்கு அப்படித்தான் சரியானது.

சுகர் இருப்பவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். அங்கே கெடுவது வலிக்கவும் வலிக்காது, தொடக்கத்தில் தெரியவும் தெரியாது.

அம்மாவுக்கு இன்னொரு கண்ணிலும் புரை இருக்கிறது. இந்தத் தடவை நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளே மூக்குத்தியைக் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, எப்போது போகிறோம் என்று வந்து நின்றாள்.